தியோர்போவின் கழுத்து ஏன் இவ்வளவு நீளம்?

பரோக் இசைக்குழு, அதாவது 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையை வாசிக்கும் குழு ஒன்றின் கச்சேரிப் படத்தைப் பாருங்கள். வயலின்களுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் நடுவிலிருந்து ஒரு கழுத்து மட்டும் எல்லார் தலைக்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். வாசிப்பவர் உட்கார்ந்திருப்பார், கருவியின் நுனி அவர் தலைக்கு மேலே எங்கோ இருக்கும். அதுதான் தியோர்போ. லூட் குடும்பத்துக் கருவி. அடி முதல் நுனி வரை அளந்தால் சில தியோர்போக்கள் 2 மீட்டரைத் தொடும்.

முதலில் பார்ப்பவர்களுக்கு, அரண்மனை ஆடம்பரத்துக்காக யாரோ வேண்டுமென்றே நீட்டிச் செய்ததுபோலத் தோன்றும். அப்படி இல்லை. இந்த நீளமும், கேட்டால் விநோதமாகப் படும் இதன் சுருதி அமைப்பும் இரண்டு விஷயங்களிலிருந்து வந்தவை. ஒன்று, ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த நரம்பு எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்பது. இன்னொன்று, பாடுகிறவர் வாயிலிருந்து வரும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை. இவை இரண்டும் பிடிபட்டுவிட்டால் தியோர்போவில் புரியாதது என்று அதிகம் மிச்சமிருக்காது.

தியோர்போவுக்கு முன்னால் லூட். அரபு உலகத்தின் ஊத் என்ற கருவி ஸ்பெயின், சிசிலி வழியாக ஐரோப்பாவுக்குள் போய் லூட் ஆனது. நீளவாக்கில் பாதியாக அறுத்த பேரிக்காய் போன்ற குடம். மேப்பிள், யூ போன்ற மரங்களை மெல்லிய பட்டைகளாகச் சீவி, சூட்டில் வளைத்து, விளிம்போடு விளிம்பு ஒட்டி அந்தக் குடத்தைச் செய்வார்கள். மேல் பலகை ஸ்ப்ரூஸ் மரம். கிடாரில் உள்ளது போல வெறும் துளை இருக்காது. பலகையிலேயே குடைந்தெடுத்த பின்னல் வேலைப்பாடு ஒன்று இருக்கும், அதை ‘ரோஸ்’ என்பார்கள். தியோர்போக்களில் பல சமயம் மூன்று ரோஸ் சேர்ந்திருக்கும். இத்தனை பெரிய பொருள், கையில் எடுத்தால் அவ்வளவு லேசாக இருக்கும். அந்த லேசான உடம்பால்தான் விரலின் சின்ன அசைவுகூட ஒலியில் தெரிகிறது.

மெட்டு, அதாவது சுரத்துக்குச் சுரம் விரல் வைக்க உதவும் குறுக்குக் கட்டு, ஊத்தில் கிடையாது, லூட்டில் உண்டு. உலோக மெட்டு இல்லை. நரம்புத் துண்டையே தண்டியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பார்கள். சுருதி கொஞ்சம் பிசகினால் மெட்டை விரலால் தள்ளி நகர்த்திக்கொள்ளலாம். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பறவை இறகால் மீட்டினார்கள். அப்புறம் இறகைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் மீட்டத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் ஒரே லூட்டில் இரண்டு மூன்று இசைவரிகளைத் தனித்தனியாக ஓடவிட முடிந்தது. 1500 வாக்கில் லூட்டுக்கு ஆறு வரிசை நரம்பு என்பது வழக்கமாகிவிட்டது. முதல் வரிசை பெரும்பாலும் ஒற்றை நரம்பு, மற்றவை ஜோடி. இத்தாலியில் பிரான்செஸ்கோ டா மிலானோ, இங்கிலாந்தில் ஜான் டவுலண்ட் என்று பெரிய பெயர்கள் எல்லாம் இந்தக் கருவியின் பெயர்கள்.

ஃபுளோரன்ஸில் ஒரு கல்யாணம்

16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபுளோரன்ஸ் நகரத்து இசைக்காரர்களும் அறிஞர்களும் ஒரு விஷயத்தைத் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிப் பாடும்போது கவிதை காதில் விழுவதே இல்லை. பழைய கிரேக்க நாடகங்களில் ஒருவர் பாடினால் கேட்பவர்கள் கண்ணீர் விட்டார்களாம். அந்த வலிமை திரும்ப வர வேண்டுமானால், ஒரே குரல் பாட வேண்டும், பேசுவதுபோலப் பாட வேண்டும், பக்கவாத்தியம் அதற்கு வழிவிட்டு நிற்க வேண்டும்.

சரி, எந்தப் பக்கவாத்தியம்? சாதாரண லூட்டின் சுரங்கள் பாடகரின் ஸ்தாயியிலேயே வந்து மோதும், கீழே ஆழமும் போதாது. ஆழமாக ஒலிக்கிற, நீண்டு நிற்கிற, ஆனால் குரலை மூடாத கருவி ஒன்று தேவைப்பட்டது. 1589இல் டஸ்கனியின் ஃபெர்டினான்டோ மெதிச்சிக்கும் லொரைனின் கிறிஸ்டீனுக்கும் ஃபுளோரன்ஸில் கல்யாணம் நடந்தது. அதை ஒட்டிய மேடை நிகழ்ச்சிகளில் கித்தரோனே என்ற புதிய பெரிய லூட் ஒலித்தது. அன்டோனியோ நால்டி என்ற கலைஞரின் பெயர் இந்தக் கருவியின் தொடக்கத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. கொஞ்ச நாளில் கித்தரோனே, தியோர்போ இரண்டும் ஒரே கருவியின் இரண்டு பெயர்களாகப் புழங்கின.

1602இல் வெளியான தன் பாடல் தொகுப்பின் முன்னுரையில் பாடகர் ஜூலியோ காச்சினி, குரலுக்குப் பக்கவாத்தியமாக, அதிலும் டெனார் என்ற உயர்ந்த ஆண் குரலுக்கு, கித்தரோனேதான் மிகவும் பொருத்தம் என்று எழுதினார். 1600இல் ஃபுளோரன்ஸில் அரங்கேறிய ஆரம்பகால ஓபராவிலும் அது இருந்தது. 1607இல் மாந்துவாவில் இசையமைப்பாளர் மான்டெவெர்டியின் ‘ஓர்ஃபேயோ’ ஓபராவிலும் இருந்தது. அதன் அச்சுப் பிரதியில் உள்ள கருவிப் பட்டியலில் ‘இரண்டு கித்தரோனே’ என்று தெளிவாகவே போட்டிருக்கிறது.

நரம்பின் கணக்கு

இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இங்கே கொஞ்சம் நிதானமாகவே போகலாம்.

குடல் நரம்பை இழுத்துக்கொண்டே போனால் சுருதி ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் பட்டென்று அறும். எந்தச் சுருதியில் அறும்? தடித்த நரம்பு என்றால் இன்னும் மேலே போகும் என்றுதான் நினைப்போம். அது சரியில்லை. தடித்த நரம்பு அதிக இழுப்பைத் தாங்கும், உண்மைதான். ஆனால் அது கனம் கூடியது, அதே சுருதிக்கு வருவதற்கே அதிக இழுப்பு வேண்டும். இரண்டும் சரிக்குச் சரியாகக் கழிந்துவிடும். மிஞ்சுவது நீளம் மட்டும். நரம்பின் நீளத்தை மீட்டரிலும் சுருதியை ஹெர்ட்ஸிலும் எடுத்துப் பெருக்குங்கள். குடல் நரம்புக்கு அந்தப் பெருக்குத்தொகை 240, 260 என்ற அளவைத் தாண்டினால் நரம்பு நிற்காது.

சாதாரண லூட்டில் போட்டுப் பார்ப்போம். நரம்பு நீளம் 60 செ.மீ., முதல் நரம்பு ஜி என்ற மேற்கத்தியச் சுரம், அதாவது 392 ஹெர்ட்ஸ். பெருக்கினால் 235. எல்லைக்குச் சற்று உள்ளே இருக்கிறது. லூட்டின் முதல் நரம்பை அறுபடும் விளிம்பு வரை ஏற்ற வேண்டும் என்று அக்காலப் புத்தகங்கள் சொன்னதன் பொருள் இதுதான்.

இப்போது ஆழமான ஒலிக்காகக் குடத்தைப் பெரிதாக்கி, நரம்பு நீளத்தை 90 செ.மீ. ஆக்குகிறோம். சுருதி மட்டும் ஏறக்குறைய அதேதான் வேண்டும், முதல் நரம்பு ஏ, 440 ஹெர்ட்ஸ். பெருக்கினால் 396. வாய்ப்பே இல்லை, சுருதி சேர்க்கும்போதே அறுந்துவிடும். இரண்டாவது நரம்பு ஈ, 330 ஹெர்ட்ஸ். 297 வருகிறது, அதுவும் நிற்காது. மூன்றாவது பி, 247 ஹெர்ட்ஸ். இதற்கு 222, இது நிற்கும். அப்படியானால் என்ன செய்வது? முதல் இரண்டு நரம்புகளையும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவிடு. பெயரளவில் அதே ஏ, அதே ஈ, ஆனால் மந்தமாக.

தியோர்போக்காரர்கள் செய்தது இதுதான். 1623இல் போலோன்யாவில் வெளியான தன் புத்தகத்தில் லூட் கலைஞர் அலெஸ்ஸாண்ட்ரோ பிச்சினினி இந்தக் கதையைச் சொல்கிறார். பெரிய லூட்டுகளில் மேல் நரம்பு அந்த உயரத்துக்கு ஏறாததால், அதற்குப் பதிலாக ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் தடித்த நரம்பைக் கட்டினார்கள் என்கிறார். உடம்பு சிறிய தியோர்போக்களில் முதல் நரம்பை மட்டும் இறக்கினால் போதும். கணக்கு அங்கேயும் பொருந்தும்.

விளைவைப் பாருங்கள். தியோர்போவில் மேலேயுள்ள சுரம் முதல் நரம்பில் இல்லை, மூன்றாவதில் இருக்கிறது. முதல் நரம்பிலிருந்து வரிசையாகச் சொன்னால் ஏ 220, ஈ 165, பி 247, ஜி 196, டி 147, ஏ 110. ஏறி இறங்கி ஒழுங்கில்லாமல் தெரிகிறதல்லவா? கிடாரிலிருந்து இதற்கு வருகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். கை பழகிய கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டத்தைப் பிடித்தால், மேலே வர வேண்டிய சுரம் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒழுங்கில்லாதது போலத் தெரியும் இதற்குள் ஒரு பெரிய வரம் இருக்கிறது. நான்காவது நரம்பை மீட்டுங்கள், ஜி. அடுத்து முதல் நரம்பு, ஏ. அடுத்து மூன்றாவது, பி. மூன்றும் அடுத்தடுத்த சுரங்கள். இடது கை எதையும் தொடவே இல்லை. ஒவ்வொரு சுரமும் வேறு வேறு நரம்பில் வருவதால், அடுத்தது வந்த பிறகும் முந்தையது ஒலித்துக்கொண்டே இருக்கும். கீழிருந்து தொடங்க வேண்டுமா? ஐந்தாவது நரம்பு டி, இரண்டாவது ஈ, அதே இரண்டாவதில் இரண்டாம் மெட்டு எஃப் ஷார்ப், அப்புறம் ஜி, ஏ, பி. சுரங்கள் படியேறிப் போகின்றன, விரல்களோ நரம்புக்கு நரம்பு தாவுகின்றன. கேட்பவர் காதில் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று அதிர்வது போல விழும். இத்தாலியர்கள் இதைக் கம்பனெல்லா என்பார்கள். நரம்பு அறுந்துபோகிறதே என்று செய்த சமாளிப்பு, இந்தக் கருவிக்கென்றே ஒரு குரலைக் கொடுத்துவிட்டது.

பாடகருக்கும் லாபம். முதல் இரண்டு நரம்புகள் இறங்கிவிட்டதால் தியோர்போவின் கார்டுகள் எல்லாம் குரலுக்குக் கீழேயே நிற்கும். உயர்ந்த குரலுக்குக் குறுக்கே எதுவும் வராது. கீழே விரிப்பு, மேலே பாட்டு.

இப்போது கழுத்துக்கு வருவோம். தண்டியின் முடிவில் வழக்கமான பிருடைப்பெட்டி ஒன்று இருக்கும். மெட்டுகளின் மேல் ஓடும் ஆறு நரம்புகள் அதில் முடியும். அதையும் தாண்டி நீள்கிறது ஒரு கழுத்து, அதன் நுனியில் இரண்டாவது பிருடைப்பெட்டி. மிச்சமிருக்கும் எட்டு நரம்புகள் அங்கே வரை போகின்றன. 150 செ.மீ., 160 செ.மீ. நீளம். இவற்றுக்கு மெட்டு கிடையாது, இடது கை இவற்றைத் தொடாது. வலது கைக் கட்டைவிரல் மட்டும் மீட்டும். ஒரு நரம்புக்கு ஒரு சுரம், ஜி, எஃப், ஈ, டி என்று படிப்படியாக இறங்கி, கடைசி நரம்பு 49 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்.

இவ்வளவு நீளம் ஏன்? நீளத்தைக் கூட்டாமல் இவ்வளவு கீழே போக வேண்டுமானால் நரம்பைத் தடிக்கவைக்க வேண்டும். தடித்த குடல் நரம்பு விறைப்பாக இருக்கும். மீட்டினால் ‘தொம்’ என்று மொந்தையாக ஒலித்து உடனே அடங்கிவிடும். நரம்பின் மேல் உலோகக் கம்பி சுற்றி இதைச் சரிசெய்யும் வழி 1660களில்தான் வந்தது. அதற்கு முன்னால் இருந்த ஒரே வழி நீளம். இழுப்பை மாற்றாமல் 90 செ.மீ. நரம்பை 160 செ.மீ. ஆக்கினால், அதே சுருதிக்குத் தடிமன் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். மெலிந்த நரம்பில் ஒலி தெளியும், நெடுநேரம் நிற்கும். அந்தக் கழுத்து இருப்பது இதற்குத்தான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கீழ் நரம்புகளில் மெட்டு இல்லாததால் எஃப் நரம்பு எஃப் மட்டுமே தரும். எஃப்புக்குப் பதில் எஃப் ஷார்ப் வரும் ஜி மேஜரில் பாட்டு என்றால் அதை முன்கூட்டியே எஃப் ஷார்ப்புக்கு ஏற்றிவைக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு தியோர்போக்காரர் குனிந்து பிருடை திருகிக்கொண்டிருப்பதைக் கச்சேரிகளில் பார்க்கலாம். பாட்டின் நடுவே வேறு சுரம் தேவைப்பட்டால், அந்தச் சுரத்தை மெட்டுள்ள நரம்பில் ஒரு ஸ்தாயி மேலே எடுத்துக்கொள்வார்.

எண்களைப் பார்த்து வாசிப்பது

தியோர்போக்காரர் முன்னால் இருக்கும் தாளில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும், கீழ்ச்சுரங்களின் வரி. சில சுரங்களுக்குப் பக்கத்தில் 6, 7, 4-3 என்று எண்கள். 6 என்றால், கீழ்ச்சுரத்திலிருந்து எண்ணி ஆறாவது சுரம் அந்தக் கார்டில் இருக்க வேண்டும் என்று அர்த்தம். எத்தனை சுரம், எந்த நரம்பில், ஒன்றாகவா விரித்தா, எவ்வளவு மெதுவாக என்பதெல்லாம் வாசிப்பவர் பொறுப்பு. இந்த முறைக்குப் பெயர் பாஸோ கன்டினுவோ. ஹார்ப்சிகார்டும் ஆர்கனும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் ஹார்ப்சிகார்டில் கட்டையை எப்படி அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவுதான். தியோர்போவில் ஒவ்வொரு சுரத்தின் அழுத்தமும் விரல் நுனியில் இருக்கிறது. பாடகர் குரலைத் தாழ்த்தினால் கூடவே தாழலாம், மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு கீழ் நரம்பை மட்டும் தட்டிவிட்டுக் காத்திருக்கலாம். குரலோடு சேர்ந்து மூச்சுவிடுகிற கருவி இது. என் காதுக்கு, அந்தக் கால ஓபராவின் பேச்சுப் பாணிப் பாட்டுக்கு இதற்கு மேல் ஒரு துணை கிடையாது.

பக்கவாத்தியம் மட்டுமே இல்லை, தனி வாசிப்பும் உண்டு. ஜெர்மானியப் பிரபு ஒருவரின் மகனாக வெனிஸில் வளர்ந்த ஜோவான்னி ஜிரோலாமோ காப்ஸ்பெர்கர், 1604இல் கித்தரோனேவுக்கென்றே ஒரு புத்தகம் வெளியிட்டார். பிறகு ரோமில் கர்தினால் பர்பெரினியின் ஆதரவில் வாழ்ந்தார். அந்தப் புத்தகத்திலுள்ள ‘தொக்காதா ஆர்பெஜ்ஜியாதா’வைத் தாளில் பார்த்தால் வரிசையாகக் கார்டுகள்தான், ராகம் என்று தனியாக ஒன்று கிடையாது. கார்டுகளை நரம்பு நரம்பாக விரிக்க வேண்டும் என்று ஒரு குறி மட்டும். வாசித்துக் கேட்டால் ஒரு கார்டு இன்னொன்றுக்குள் கரைந்து போவதே இசையாகிறது. பிரான்ஸில் பதினான்காம் லூயியின் அவையில் ரோபேர் த விஸே வாசித்தார். அவருடைய தியோர்போ இசை நடன வடிவங்களில் அமைந்தது, நிதானமும் கம்பீரமும் கொண்டது.

இந்தத் தனி இசைகளை நொட்டேஷனில் எழுதாமல் டேப்ளேச்சரில் எழுதினார்கள். ஆறு கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு நரம்பு, எந்த மெட்டில் விரல் வைக்க வேண்டும் என்பதுதான் எழுத்து. இத்தாலியர்கள் எண்களைப் போட்டார்கள், முதல் நரம்பைக் கீழ்க்கோட்டில் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் எழுத்துகளைப் போட்டு, முதல் நரம்பை மேற்கோட்டில் வைத்தார்கள். இரண்டையும் படிக்கப் பழகினால்தான் முழு இசையும் கைக்கு வரும்.

உறவுக் கருவிகளைக் குழப்பிக்கொள்ளாமலிருக்க ஒரு குறிப்பு. ஆர்ச்லூட்டுக்கும் நீண்ட கழுத்து உண்டு. ஆனால் மெட்டு நரம்புகள் குட்டையானவை, முதல் நரம்பு பழைய உயரத்திலேயே நிற்கும், ஸ்தாயி இறக்கம் கிடையாது. அதனால் அதில் ராகத்தை மேலே கொண்டுபோக முடியும். இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் ட்ரியோ சொனாட்டாக்களில் கீழ்வரியை வாசிக்க இதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். தியோர்பினோ என்பது ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் குட்டித் தியோர்போ. பெல்லெரோஃபோன்டே கஸ்தால்தி 1622இல் இரண்டும் சேர்ந்து வாசிக்கும் இசையை வெளியிட்டிருக்கிறார். ஜெர்மனியில் பரோக் லூட் வேறு பாதையில் போனது. 13 வரிசை நரம்பு, முற்றிலும் வேறு சுருதி அமைப்பு. டிரெஸ்டன் அவையில் இருந்த சில்வியஸ் லியோபோல்ட் வைஸ் அதன் சிகரம்.

இங்கிலாந்துக்குத் தியோர்போ போனதைப் பற்றிப் பழைய குறிப்பு ஒன்று உண்டு. 1605 வாக்கில் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ் முதல் தியோர்போவைக் கொண்டுவந்தபோது, அரசரைக் கொல்லக் கத்தோலிக்க நாட்டிலிருந்து அனுப்பிய இயந்திரமோ என்று டோவர் துறைமுகத்தில் சந்தேகப்பட்டார்களாம். அந்நாட்டில் அப்போதிருந்த பதற்றத்துக்கு இந்தக் கழுத்தின் நீளம் போதுமான காரணம்தான். 1676இல் புத்தகம் எழுதிய தாமஸ் மேஸ் என்ற ஆங்கிலேயர், பகலில் லூட்டைக் கட்டிலில், தினமும் ஆள் படுக்கும் படுக்கையில், போர்வைக்கு அடியில் வைக்கச் சொல்கிறார். ஈரம் படாமலிருந்தால் நரம்பு அறாது, ஒட்டு விடாது. லேசான மரமும் குடல் நரம்பும் சேர்ந்த ஒரு பொருளைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்ட காலம் அது.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் இதெல்லாம் ஓய்ந்தது. இசைக்குழுக்கள் பெருத்தன, கீழ்வரிக்கு எண் போட்டு வாசிக்கும் பழக்கம் மறைந்தது, பியானோவின் முன்னோடியான ஃபோர்ட்டேபியானோ வந்தது. பழைய கருவிகளை மீண்டும் செய்த ஆர்னால்ட் டால்மெட்ஷ் 1893இல் தன் முதல் லூட்டைச் செய்தபோது மறுபிறப்பு தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய இசையைப் பழைய கருவிகளிலேயே வாசிக்க வேண்டும் என்ற இயக்கம் வளர, தியோர்போவும் மேடைக்குத் திரும்பியது. இன்று பலர் குடலுக்குப் பதில் நைலான், கார்பன் போன்ற செயற்கை நரம்புகளைக் கட்டுகிறார்கள். பயணத்துக்காகக் கழுத்தைக் கழற்றி மாட்டும்படி செய்த கருவிகளும் உண்டு.

கேட்கத் தொடங்க வேண்டுமென்றால் ‘ஓர்ஃபேயோ’வின் மூன்றாம் அங்கத்துக்குப் போங்கள். பாதாள உலகத்தின் வாசலில் ஓர்ஃபேயோ படகோட்டியிடம் கெஞ்சிப் பாடும் ‘பொஸ்ஸென்டே ஸ்பிர்ட்டோ’. மரக்குழல் ஆர்கனும் ஒரே ஒரு கித்தரோனேவும் சேர்ந்து வாசிக்க அவன் பாட வேண்டும் என்று மான்டெவெர்டியே குறிப்பு போட்டிருக்கிறார். வயலின், கார்னெட், ஹார்ப் எல்லாம் இடையிடையே வந்து போகும். அவற்றை விட்டுவிட்டு, குரலுக்கு அடியில் கட்டைவிரல் மீட்டும் கீழ் நரம்பை மட்டும் ஒரு முறை பின்தொடர்ந்து கேளுங்கள். இரண்டாவது முறை, குரல் சொல்லை முடித்து நிற்கும் இடங்களில் கார்டு எப்படி விரிகிறது என்று கவனியுங்கள். அதற்குப் பிறகு காப்ஸ்பெர்கரின் தொக்காதாவைத் தனியாகக் கேட்டால், எந்தச் சுரம் எந்த நரம்பிலிருந்து வருகிறது என்பதே ஓரளவு பிடிபடத் தொடங்கும்.